யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்: எக்ஸ்பிரஸ் பாஸ் இல்லாமல் கூட்டத்தைச் சமாளிக்க முடியுமா?

கேள்வி: 2025 ஏப்ரல் 5, சனி

திருச்சியிலிருந்து எழுதுகிறேன் அக்கா. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் சிங்கப்பூர் வருகிறோம். நான், கணவர், ஏழாவது முடிக்கும் மகன், ஆறு வயது மகள், மாமியார். மே 2 வெள்ளிக்கிழமை யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போவதாகத் திட்டம். என் நாத்தனார் போன டிசம்பரில் போய் வந்தவர். எக்ஸ்பிரஸ் பாஸ் (கூடுதல் காசு கொடுத்து ரைடுகளுக்குத் தனி வழியில் போகும் சீட்டு) எடுக்காவிட்டால் நாள் முழுக்க வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். அஞ்சு பேருக்கும் எடுத்தால் பட்ஜெட் உதைக்கிறது. எடுக்காமல் சமாளிக்க முடியுமா? ஹோட்டலில் காலை டிபன் இலவசம், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் போனால் போதும்தானே?

பதில்: ஏப்ரல் 6, ஞாயிறு இரவு

நாத்தனார் போனது டிசம்பரில். பாதி விஷயம் அதிலேயே முடிந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை லீவு. அதோடு சுற்றியுள்ள நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் ஆண்டுக் கடைசிக்கு ஆள் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர் எக்ஸ்பிரஸ் வேண்டும் என்றுதான் சொல்வார், சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். உங்கள் நாளுக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

பதினொரு மணிக்குப் போகாதீர்கள். டிபனை விட்டுவிடுங்கள், இல்லை ஏழு மணிக்கே இறங்கிச் சாப்பிடுங்கள். பத்து மணிக்குத் திறப்பு என்று போட்டிருந்தால் ஒன்பதரைக்கு முன்னால் வாசலில் நிற்க வேண்டும்.

மே 2 பற்றி நாளை எழுதுகிறேன், எனக்கு அதிகாலை ஷிஃப்ட்.

ஏப்ரல் 7, திங்கள்

மே 1 வியாழன் தொழிலாளர் தினம், பொது விடுமுறை. வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் நாலு நாள் சேர்ந்துவிடும், அலுவலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். சீனாவில் வேறு மே 1 முதல் 5 வரை லீவு. நீங்கள் தேடிப் பிடித்தது அந்த வாரத்தின் மோசமான நாட்களில் ஒன்று. 6, 7, 8 ஆகிய மூன்றில் ஒன்றைப் பாருங்கள். 12 திங்கள் விசாக தின விடுமுறை, அதனால் 10, 11, 12 மூன்றும் வேண்டாம்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, யாரும் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிடுகிறது. இங்கே ஜூன் விடுமுறை இந்த வருஷம் மே 31 சனியன்றுதான் தொடங்குகிறது. நடுவில் கிட்டத்தட்ட ஒரு மாதம் உங்கள் பிள்ளைகளுக்கு லீவு, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அந்த மாதத்தில் வருகிற ஒரு செவ்வாயோ புதனோ, அதற்கு மேல் நல்ல நாள் கோடையில் கிடையாது. ஆனால் என்ன நடக்கிறது? டிராவல்ஸ்காரர் சொன்னார், விமான டிக்கெட் மலிவு என்று சனிக்கிழமை வந்து இறங்கி ஞாயிற்றுக்கிழமை யுனிவர்சல் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போங்கள், முஸ்தபா போங்கள் என்று சொல்ல வந்தேன், அங்கேயும் அன்றைக்குத்தான் கூட்டம். பூமலைக்கு (தாவரவியல் பூங்காவுக்கு) போங்கள்.

பொங்கலுக்கு வர முடிகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஜனவரி நடுவில் இங்கே பள்ளிகள் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், எல்லோரும் டிசம்பரில் செலவழித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். சீனப் புத்தாண்டு எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எந்த ரைடு முதலில் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நினைப்பது, எந்த ரைடு பிரபலமோ அதில்தான் வரிசை நீளம் என்று. ஓரளவுக்கு உண்மை. ஆனால் நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்வது உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது மட்டுமில்லை, அந்த ரைடு மணிக்கு எத்தனை பேரை விழுங்குகிறது என்பதும்தான். சும்மா ஒரு கணக்குக்கு: முன்னால் 300 பேர். மணிக்கு 1,200 பேரை ஏற்றும் ரைடு என்றால் கால் மணி நேரம். மணிக்கு 300 பேரைத்தான் ஏற்றும் என்றால் ஒரு மணி நேரம். வரிசையின் நீளம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற ரைடு டவுன் பஸ் மாதிரி, கேனோபி ஃப்ளையர் என்ற ரைடு ஷேர் ஆட்டோ மாதிரி. டிரான்ஸ்ஃபார்மர்ஸில் வண்டி மேல் வண்டியாக வந்து ஆளை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும், வரிசை முழுக்க ஏசிக்குள், நகர்ந்துகொண்டும் இருக்கும். கேனோபி ஃப்ளையரில் ஒரு வண்டிக்கு நாலே பேர், இரண்டு பேர் முன்னே பார்த்து, இரண்டு பேர் பின்னே பார்த்து. லாஸ்ட் வேர்ல்ட் பகுதியில் மரங்களுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஒரு சுற்று, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். காலையில் ஈயாடும். மத்தியானம் பார்த்தால் பலகையில் போட்டிருக்கும் நேரம் மயக்கம் வர வைக்கும்.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவும் இந்த வகைதான். இரண்டு ரோலர்கோஸ்டர் ஒன்றையொன்று உரசுவதுபோலப் பாயும், சிவப்பு ஹியூமன், நீலம் சைலான். பழைய நாட்களில் ஒரு வரிசைக்கு நாலு இருக்கை. 2013இல் மூடி 2015 மே மாதம் திரும்பத் திறந்தபோது வரிசைக்கு இரண்டு இருக்கை என்று ஆக்கிவிட்டார்கள். ஏற்றும் ஆள் குறைந்தால் வரிசை கூடாமல் என்ன செய்யும். அதனால் என் ஒழுங்கு: பெரிய பிள்ளை இருந்தால் முதலில் கலாக்டிகா, பிறகு நேரே கேனோபி. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வாசலைத் தாண்டித்தான் போவீர்கள், கை துறுதுறுக்கும், போகாதீர்கள். அது சாயங்காலமும் அங்கேதான் இருக்கும்.

உயரம் அளந்துவிட்டு வாருங்கள். ஏறுவதற்குக் குறைந்தபட்ச உயரம் கலாக்டிகாவுக்கு 125 செ.மீ., எகிப்துப் பகுதியின் மம்மி கோஸ்டருக்கு 122, ஜுராசிக் பார்க் படகுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. அளவுகோலை வைத்து அளப்பார்கள், ஷூவுக்குள் காகிதம் வைத்தெல்லாம் ஏமாற்ற முடியாது. (சிலர் செய்கிறார்கள். பாவம் அந்தப் பிள்ளைகள்.)

ஏப்ரல் 8, இரவு, சேர்த்துக்கொள்ள

உங்கள் மகளுக்கு ஆறு வயது என்பதை மறுபடி வாசித்தேன். அப்படியானால் மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மினியன் கார்ட்டூன்களுக்கான மினியன் லேண்ட் பகுதி பிப்ரவரி 14 அன்றுதான் திறந்தது, பழைய மடகாஸ்கர் பகுதி இருந்த இடத்தில். இப்போது காலையில் பாதிக் கூட்டம் அங்கேதான் ஓடுகிறது. உள்ளே நுழைந்ததும் ஹாலிவுட் பகுதி, வலது பக்கம் போனால் நியூயார்க் பகுதி, அதைத் தாண்டி சை-ஃபை சிட்டி, இடது பக்கம் மினியன். நடுவில் குளம், அதைச் சுற்றித்தான் முழுப் பூங்காவும். நீங்கள் இரண்டாகப் பிரிந்துவிடுங்கள். கணவரும் மகனும் வலது பக்கம் கலாக்டிகா. நீங்கள், மகள், மாமியார் இடது பக்கம் மினியன். பதினொன்றரைக்கு எகிப்துப் பகுதியில் சந்தியுங்கள்.

குடும்பமாக வந்துவிட்டு எதற்குப் பிரிய வேண்டும் என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும். ஐந்து பேரும் ஒன்றாகவே நகரும் குடும்பம், தண்ணீர் குடிக்க ஐந்து முறை நிற்கும், கழிவறைக்கு ஐந்து முறை நிற்கும்.

ஏப்ரல் 10, வியாழன்

இந்த இழையில் ஒருவர், “சிங்கிள் ரைடர் வரிசை இருக்கும்போது எக்ஸ்பிரஸ் எதற்கு, எல்லாம் காசு பிடுங்கும் வேலை” என்று எழுதியிருக்கிறார். தம்பி, நீங்கள் கல்யாணம் ஆகாதவர் என்பது தெரிகிறது.

சிங்கிள் ரைடர் நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. மூன்று பேராக வருகிறவர்களால் வண்டியில் ஒரு இருக்கை காலியாகிவிடும், அதில் தனியாள் ஒருவரை உட்கார வைப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸிலும் மம்மியிலும் இதற்குத் தனி வழி உண்டு. என் மகன் இப்போது பதின்ம வயது, என்னோடு உட்காருவதே மானக்கேடு என்று நினைக்கும் பருவம், அவனுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் 122 செ.மீ. எட்டாத பிள்ளை பெரியவர் துணையோடுதான் ஏற வேண்டும், அதனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு இது ஆகாது. இன்னொன்று, அந்த வரிசைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. எல்லோரும் இரட்டைப் படையாக வந்தால் காலி இருக்கை எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கும்பலாகத் தனியாள் வரிசையில் நுழைந்த ஒரு நாள், சாதாரண வரிசையில் நின்ற தாத்தா பாட்டிகள் எங்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியது வேறு. இரண்டு பேரும் வரிசையில் வந்து, ஒருவர் ஏறும்போது மற்றவர் பிள்ளையோடு காத்திருந்து, அவர் இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்காமல் மாற்றி ஏறுவது. வாயிலில் நிற்கும் ஊழியரிடம் பிள்ளையைக் காட்டிக் கேட்டால் வழி சொல்வார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஏப்ரல் 16, புதன்

நேற்று இங்கே பொதுத்தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். மே 3 சனிக்கிழமை வாக்களிப்பு, அன்று பொது விடுமுறை. ஆக மே 2க்கு இந்தப் பக்கம் தொழிலாளர் தினம், அந்தப் பக்கம் தேர்தல். திருச்சித் தங்கை இன்னும் மே 2ஐப் பிடித்துக்கொண்டு இருந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறேன், மாற்றிவிடுங்கள். தேதி போட்ட டிக்கெட், வாங்கிய பிறகு மாற்றுவது சுலபமில்லை, அதனால் இப்போதே.

ஓட்டுப் போட்டுவிட்டு நேராகப் பூங்காவுக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்கிறார். போங்கள், ஊரில் பாதிப் பேர் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஏப்ரல் 19, சனி

6ஆம் தேதி செவ்வாய் என்று முடிவாகிவிட்டதாம். நல்லது. இனி மழை.

ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு கொட்டுவது இங்கே சாதாரணம். மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளியே ஓடும் ரைடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். கலாக்டிகா, கேனோபி, குட்டிப் பிள்ளைகளின் கோஸ்டர், எல்லாம். இங்கே ராணுவ சேவை செய்த பையன்கள் வானத்தைப் பார்த்து “கேட் ஒன்” என்று சொன்னால் மின்னல் அபாயம் என்று அர்த்தம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் கூரையுள்ள இடத்தைத் தேடி ஓடும். டிரான்ஸ்ஃபார்மர்ஸிலும் மம்மியிலும் அந்த நேரத்தில் கால் வைக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது தலைகீழ். மேகம் கறுக்க ஆரம்பித்ததுமே, மழைக்கு முன்னால், உள்ளே இருக்கும் ஒரு ரைடின் வரிசையில் நுழைந்துவிடுங்கள். மழை பிடித்த பிறகு ஓடுகிறவர்கள் உங்களுக்குப் பின்னால். மழை விட்டதும் எல்லோரும் கூரைக்கடியில் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது வெளி ரைடு வாசலுக்குப் போய் நில்லுங்கள். தடத்தைச் சோதித்து, காலி வண்டியை ஓட்டிப் பார்த்து, பிறகுதான் திறப்பார்கள், கொஞ்சம் ஆகும். ஆனால் திறக்கும்போது நீங்கள் முதல் ஆள். மழைக்குப் பிறகான அந்த அரை மணியில்தான் கலாக்டிகாவில் என் மகன் இறங்கிய கையோடு திரும்பவும் ஏறினான். பக்கத்து இருக்கை காலி. தண்ணீர் சொட்டச் சொட்ட, முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய இறங்கி வந்தவனை ஊழியர் ஒருவர், “இன்னொரு தரமா?” என்று கேட்டார்.

மழை பெய்கிறது என்று வெளியே போய்விடுகிறவர்கள் நிறைய. அவர்கள் போகட்டும்.

ஏப்ரல் 19, இன்னும் கொஞ்சம்

பிளாஸ்டிக் மழைக்கோட்டு தேக்காவில் மலிவாகவே கிடைக்கும், உள்ளே வாங்கினால் விலை வேறு. ஜுராசிக் படகிலும் அதுவே உதவும். அதில் நனைவீர்கள். “கொஞ்சம் நனையலாம்” என்பது போல இல்லை, உள்ளாடை வரை. மாமியார் பட்டுப்புடவையில் வரமாட்டார் என்று நம்புகிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பட்டுப்புடவை பற்றிக் கேலி செய்ததற்கு மாமியாரே பதில் சொல்லச் சொல்லியிருக்கிறாராம்: அவர் சுடிதார்தான் போடுவாராம், திருச்சி மலைக்கோட்டையை இன்னும் நிற்காமல் ஏறுவாராம். சரி அம்மா, அப்படியானால் படகில் முன் இருக்கை உங்களுக்குத்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எக்ஸ்பிரஸ் விஷயத்துக்கு வருகிறேன், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

எக்ஸ்பிரஸ் சாதாரண வகையில் ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு தடவை தனி வழியில் போகலாம். அன்லிமிடெட் வகையில் எத்தனை தடவையும். விலை நாளுக்கு நாள் மாறும். கூட்டம் குறைந்த நாளில் குறைவு, விடுமுறை நாளில் நுழைவுச் சீட்டு விலையையே எட்டிப் பிடிக்கும். ஆக, எந்த நாளில் தேவையில்லையோ அந்த நாளில்தான் மலிவு. இதைப் பார்த்தே அன்றைய கூட்டத்தைக் கணிக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்: பாஸ் வாங்க வேண்டாம், பாஸ் விலையை மட்டும் பாருங்கள். ஒரே வாரத்தில் செவ்வாய்க்கும் சனிக்கும் என்ன விலை என்று இணையத்தில் ஒப்பிட்டால், கூட்டம் எங்கே என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

ஐந்து பேருக்கும் எடுக்கவே கூடாது. மாமியார் ஏறப்போவது மொத்தம் எத்தனை? ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ், வாட்டர்வேர்ல்ட் காட்சி, லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன், படகு. மகளுக்கு மம்மியும் கலாக்டிகாவும் உயரத்தாலேயே இல்லை. எடுப்பதானால் கணவருக்கும் மகனுக்கும், அதுவும் மதியம் வரை பார்த்துவிட்டு. உள்ளேயும் விற்பார்கள், தீர்ந்துபோகாத நாளாக இருந்தால்.

எனக்கு எக்ஸ்பிரஸ் மேல் ஒரு தனிக் கடுப்பும் உண்டு, மறைக்கவில்லை. வரிசை நகராமல் நிற்கும்போது அந்தப் பக்க வழியில் ஒரு குடும்பம் செருப்பு சத்தம் கேட்க நடந்து போகும். ரைடு ஏற்றும் ஆள் எண்ணிக்கை மாறவில்லை, அவர்கள் முன்னே போனால் நாம் பின்னே. என் நேரத்தைத்தான் அவர்கள் வாங்கியிருக்கிறார்கள், காசு மட்டும் எனக்கு வரவில்லை. ஆனாலும் ஜூனில் ஒரே ஒரு நாள் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இனி எப்போது வருவோமோ என்று வருகிறவர்களை வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கு அது நியாயம்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

சின்னச் சின்ன விஷயங்கள், கேட்டவர்கள் கேட்டபடி.

சுழலும் உலக உருண்டை முன்னால் படம்: திரும்பும்போது எடுங்கள். காலை ஒன்பதே முக்காலுக்கு அங்கே நின்று ஒவ்வொருவராக, பிறகு எல்லோருமாக, பிறகு கண் மூடிவிட்டது என்று இன்னொரு தடவை எடுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களைத் தாண்டித்தான் நீங்கள் பை சோதனைக்குப் போகப்போகிறீர்கள். இரவில் விளக்கு போட்ட பிறகு படமும் நன்றாக வரும்.

வழி: ஹார்பர்ஃபிரன்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம், அங்கே விவோசிட்டி மாலின் மூன்றாம் மாடி, அங்கிருந்து பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். போகும்போதுதான் காசு, 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). திரும்பும்போது இலவசம். காலையில் டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நின்று யோசிக்காமல், கையிலிருக்கும் எம்ஆர்டி அட்டையைத் தட்டிவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே கடல் மேல் நடைபாதை உண்டு, நடக்க முடிந்தால் அதற்குக் காசே இல்லை.

சாப்பாடு: பதினொன்றரைக்கு, இல்லையென்றால் இரண்டரைக்கு. பன்னிரண்டரைக்குப் போனால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு அலைவீர்கள். எகிப்துப் பகுதியில் ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் நம் வாய்க்கு ஒத்துவரும் சாப்பாடு கிடைக்கும்.

வாட்டர்வேர்ல்ட்: காட்சி நடக்கும்போது பெரும் கூட்டம் அரங்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும், பக்கத்து ரைடுகள் லேசாக இருக்கும். முடிந்த உடனே வெளியே வந்து ஜுராசிக் படகுக்குப் போகாதீர்கள், எல்லோரும் அங்கேதான் போவார்கள். நீங்கள் காட்சி பார்த்தே ஆக வேண்டும் என்றால் (பாருங்கள், மாமியாருக்குப் பிடிக்கும்) முன்னாலேயே போய் வெளிவாசல் பக்கமாக இடம் பிடியுங்கள்.

கலாக்டிகாவில் சட்டைப்பையில் எதுவும் வைத்திருக்கக் கூடாது. எல்லாம் பூட்டுப்பெட்டிக்குள். ஒருவரிடம் பையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு ஏறினால் அந்த நேரமும் மிச்சம்.

மே 7, புதன்

திருச்சித் தங்கையிடமிருந்து நேற்று ராத்திரி செய்தி. ஒன்பதே காலுக்கு வாசலில் இருந்திருக்கிறார்கள், பத்துக்குச் சற்று முன்னாலேயே உள்ளே விட்டுவிட்டார்களாம் (இது பல நாள் நடப்பதுதான்). கணவரும் மகனும் கலாக்டிகா இரண்டு நிறமும் முடித்துவிட்டு மம்மிக்கும் போய்விட்டார்கள். மினியன் பக்கம் எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்ததாம். மழை வரவே இல்லை, என் மழைப் பாடம் முழுக்க வீண், மழைக்கோட்டைத் திருச்சிக்கே எடுத்துப் போகிறார்கள். எக்ஸ்பிரஸ் எடுக்கவில்லை. மாமியார் படகில் இரண்டு தடவை.

கேனோபி மட்டும் விட்டுப்போயிற்று என்று வருத்தப்படுகிறார். எகிப்தில் சந்திக்கும்போது மகள் பசிக்கு அழ ஆரம்பித்துவிட்டாளாம். பரவாயில்லை.

மே 8, வியாழன்

அவர் எழுதியதைப் படித்த பிறகு கொஞ்சம் யோசித்தேன். பிரிந்து போகச் சொன்னேன் இல்லையா. அதில் ஒன்றை யாருக்காவது பிறகு உதவட்டும் என்று சேர்க்கிறேன்: சின்னப் பிள்ளையோடு போகும் அணி மினியன் லேண்டில் ஒரே ஒரு பெரிய ரைடை முடித்துக்கொண்டு, உடனே ஃபார் ஃபார் அவே பகுதிக்கு நகர்ந்து, அங்கிருக்கும் புஸ் இன் பூட்ஸ் பூனைக் கோஸ்டரைப் பிடிப்பது நல்லது. அதுவும் ஆள் குறைவாக ஏற்றும் வகை. மினியனில் மிச்சம் இருக்கும் சுற்று ராட்டினங்களை மாலையில் பார்த்துக்கொள்ளலாம், ஆறு மணிக்கு மேல் சின்னப் பிள்ளைகள் தூங்கிச் சரியும் நேரம், அந்தப் பகுதி முதலில் காலியாகும். உங்கள் பிள்ளை தூங்காமல் இருந்தால்.

அப்புறம் பலகையில் போடும் நிமிடங்கள். 45 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குக் குறைவாகவே எனக்கு ஆகியிருக்கிறது, மூடும் நேரம் நெருங்க நெருங்க இன்னும் அதிகமாகப் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வரிசைக்குள் நுழைந்துவிட்டால் பொதுவாக ஏற்றிவிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸைக் கடைசிக்கு வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

மே 25, ஞாயிறு

விஷயம் எங்கெங்கோ போகிறது. ஃபுளோரிடாவில் இருக்கும் ஒருவர், “நீங்கள் பார்த்தது கூட்டமே இல்லை, ஆர்லாண்டோ வந்து பாருங்கள்” என்கிறார். நம்புகிறேன். அங்கே டிஸ்னியில் 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாகக் கொடுத்தார்கள், ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும். 2021இல் அதையே காசுக்கு ஆக்கி ஜீனி ப்ளஸ் என்றார்கள், 2024இல் பெயரை லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று மாற்றிவிட்டார்கள். மாமா சொல்வார், இலவசமாகக் கொடுத்த எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் விடமாட்டார்கள் என்று, அவர் அரசியலைச் சொன்னார்.

ஆர்லாண்டோவில் அவர் செய்வது: டிஸ்னி ஹோட்டலில் தங்கி, அரை மணி முன்னதாகவே உள்ளே போகும் சலுகையைப் பயன்படுத்துவது. அந்த அரை மணியில் முடிப்பதை மத்தியானம் முடிக்க இரண்டு மணி நேரம் ஆகுமாம். அதாவது அங்கேயும் காலைதான்.

சென்னைக்காரர் ஒருவர் ஒண்டர்லாவுக்கும் இதே கணக்கு வருமா என்கிறார். திருப்போரூர் பக்கம் அந்தப் பூங்காவை, இதை எழுதும் 2025 மே மாதத்தில், இன்னும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கொச்சி, பெங்களூரு பூங்காக்களில் வார நாள் என்று நம்பிப் போய்ப் பள்ளிச் சுற்றுலா பஸ்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அங்கே தண்ணீர் விளையாட்டுப் பக்கம் மதியத்துக்கு மேல் கூட்டம் சாயும், அப்போது மற்ற ரைடுகளுக்குப் போங்கள். இது என் அண்ணி சொன்னது, நான் சோதித்ததில்லை.

இந்த வாரத்தோடு மே முடிகிறது. 31 முதல் ஜூன் 29 வரை எங்கள் பள்ளி விடுமுறை. அந்த மாதத்துக்கு என்னிடம் தந்திரம் ஒன்றும் கிடையாது, நானே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஜூன் 30, திங்கள்

மதுரையிலிருந்து ஒருவர், காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் வரலாமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு விஷயம் பாருங்கள். அக்டோபர் 1 முதல் சீனாவில் ஒரு வாரத்துக்கு மேல் லீவு. அதோடு செப்டம்பர் கடைசியிலிருந்து ஹாலோவீன் பேய் இரவுகள் நடக்கும், அந்த நாட்களில் பகல் பூங்காவைச் சீக்கிரமே மூடிவிட்டு இரவுக்குத் தனி டிக்கெட் விற்பார்கள். நீங்கள் கொடுப்பது முழு நாள் காசு, கிடைப்பது குறைந்த மணி நேரம். பேய் இரவு இல்லாத வார நாள் எது என்று அவர்கள் வெளியிடும் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, அக்டோபர் 1க்கு முன்னால் ஒரு செவ்வாயோ புதனோ எடுங்கள். பேய் இரவுக்கே போக ஆசை என்றால் அதற்கு மட்டும் எக்ஸ்பிரஸ் வாங்குங்கள், அங்கே வரிசை வேறு ரகம், காலை என்பதே கிடையாது.